கறுப்பில் கறுப்பு

பேனா வாங்க வருகிறவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல், முதலில் எழுதிப் பார்ப்பது தங்கள் பெயரைத்தான். முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரிய அதிகாரியானாலும் சரி, பள்ளிக்கூட வாத்தியாரானாலும் சரி, கல்யாணப் பரிசு வாங்க ஓடி வந்தவரானாலும் சரி, நிப்பு தாளைத் தொட்டதும் சொந்தப் பெயர்தான் வரும். நீங்களும் இப்போது இந்தத் தாளின் தலையில் அதையே செய்தீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. அது ஒரு சாதாரண பால்பாயின்ட் பேனா என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்று பார்த்தால் நாங்கள் இரண்டு பேர்தான். கீழே பட்டறை, மேலே வீடு. நான் கடைபவன். எபோனைட் என்கிற கெட்டி ரப்பர், செல்லுலாய்ட், மரம், கொம்பு, எதைக் கொடுத்தாலும் லேத்தில் பூட்டி, தண்டும் மூடியும் கடைந்து, திருகு வெட்டி, நிப்பு பொருத்திக் கொடுப்பேன். என் அக்கா வரைகிறவள். நான் கடைந்து கொடுக்கும் வழவழப்பான தண்டின்மேல், நாலே நாலு மயிர் உள்ள தூரிகையால் அரக்குச் சாயம் தொட்டு வரைவாள். வேலை முடிந்ததும் அடியில் ஒரு குட்டி இலை போடுவாள். அதுதான் அவள் அடையாளம். ஊரில் எங்கள் பேனாவை 'அக்கா பேனா' என்பார்கள். தம்பி பேனா என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா செய்துகொண்டு எட்டே மாதத்தில் திரும்பி வந்தாள். வந்த அன்று பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்து, "அங்க ஒரு நல்ல தூரிகை கிடையாதுடா" என்றாள். அவ்வளவுதான், அதற்குமேல் அந்தக் கதையை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்களுக்குள் சண்டை வந்ததே கிடையாது. அண்டை அயலில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். விசாரித்திருப்பீர்கள்.

அவளுக்குக் கண்ணில் அழுத்த நோய். ஐந்து வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்தபோதே இடது கண் ஏறக்குறையப் போயிருந்தது. வலது கண்ணில் நடுப்பகுதி மட்டும் தெளிவு; ஓரமெல்லாம் மங்கல். "ஒரு தட்டு அளவுக்குத் தெரியுதுடா. ஒரு தட்டு எனக்குப் போதும்" என்பாள். காலை ஏழு மணி, மாலை ஏழு மணி, இரண்டு வேளையும் தவறாமல் சொட்டு மருந்து விட்டால் அந்தத் தட்டு ஆயுசுக்கும் இருக்கும் என்று கண் மருத்துவர் சொன்னார். மயிரிழையில் கோடு போடுகிற அதே கைக்குத் தன் கண்ணில் ஒரு சொட்டு விடத் தெரியாது. பாதி கன்னத்தில் வழியும், மீதி காதுக்குப் போகும். அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொள்வாள். நான் கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரே சொட்டு விடுவேன். "எரியுதுடா, எரியுதுடா" என்று சின்னப்பிள்ளை மாதிரி காலை உதறுவாள். பிறகு சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் கப்பல்காரம்மா வந்தார். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். சரக்குக் கப்பல் கம்பெனி நடத்துகிறவர். அப்பா ஆரம்பித்த கம்பெனிக்கு ஐம்பது வருடம் நிறையப் போகிறது. வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு பேனா வேண்டும் என்றார். எழுத அல்ல, பார்க்க. ஒன்றே ஒன்று. ஒரு வருட அவகாசம். எங்களுக்கு அப்படி ஒரு வேலை அதுவரை வந்ததில்லை.

என்னிடம் இருந்த பொருளையெல்லாம் தட்டுத் தட்டாக எடுத்து மேஜையில் பரப்பினேன். சிவப்புச் செல்லுலாய்டில் என்னிடம் ஒரு தடி இருந்தது. பதினாறு வருடமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். வெயிலில் பிடித்தால் உள்ளே தீ ஓடுவது மாதிரி இருக்கும். அதை நடுவில் வைத்தேன். பக்கத்தில் சிப்பித் தகடு, தங்க முலாம் வளையம், வெள்ளிக் கம்பி. என்னுடைய வரைபடத்தையும் வைத்தேன். சிவப்புத் தண்டு, எட்டு வளையம், கப்பல் வடிவத்தில் கிளிப், மூடியின் உச்சியில் உண்மையிலேயே சுற்றுகிற ஒரு குட்டித் திசைகாட்டி, உடம்பெல்லாம் சிப்பியில் பதித்த நங்கூரம்.

கப்பல்காரம்மா அதை நேரம் எடுத்துப் பார்த்தார். "அழகா இருக்கு. இதை இன்னொரு தடவை பார்ப்போம்" என்றார். அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். பேனாவைத் திரும்ப அலமாரியில் வைக்கும்போது எல்லாரும் சொல்வது.

அக்கா ஒரு கறுப்பு எபோனைட் தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "கொஞ்ச நேரம் புடிச்சிருங்க" என்றாள். பிறகு, "சூடு ஏறுதா?" என்றாள்.

"ஆமா. கை மாதிரியே இருக்கு."

"இதுமேல கறுப்பு அரக்கு. மூடியிலேர்ந்து அடிவரைக்கும் அலை. நாப்பத்தெட்டு அலை."

"கறுப்பு மேல கறுப்பா?" என்றேன் நான். "கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சா யாருக்குக்கா தெரியும்?"

"தண்டு பளபளப்பா இருக்கும், அலை மங்கலா இருக்கும். நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. நடந்துகிட்டே பார்த்தா அலை நகரும்."

கப்பல்காரம்மா கையில் இருந்த தடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கப்பா சொல்ற கடல் இதுதாங்க" என்றார். முடிவாகிவிட்டது.

அவர் போன பிறகு அக்கா என் வரைபடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "டேய், நங்கூரம் ஒண்ணுதான் இல்லைன்னு நெனச்சேன், அதுவும் இருக்கு" என்று சொல்லி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "அடுத்த தடவை உன்னோடதைப் பண்ணிடலாம்டா" என்றாள். நல்ல மனசு அவளுக்கு. அடுத்த தடவை என்பதும் முப்பது வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிற ஒன்றுதான்.

எனக்குக் கோபம் இல்லை. நான் யோசித்ததெல்லாம் பேனாவைப் பற்றி. ஐம்பது வருடக் கம்பெனி, ஆயிரம் பேர் வந்துபோகும் கூடம், அதில் வைக்கிற ஒரே பேனா யார் கண்ணுக்கும் தெரியாத பேனாவாக இருக்கலாமா? அக்காவிடம் நேரில் சொன்னால் கேட்க மாட்டாள். அவளுக்கே அந்த வேலை முடியாது என்று தெரிந்தால் விட்டுவிடுவாள், அவள் பிடிவாதக்காரி இல்லை. எப்படித் தெரியவைப்பது என்பதுதான் கேள்வி.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு மருந்துக் குப்பியைக் காலி செய்து கழுவினேன். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, துளி உப்புப் போட்டு, ஆறவைத்து, வடிகட்டி அதில் நிரப்பினேன். அழுக்குத் தண்ணீர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண் விஷயம், கிருமி போய்விடக் கூடாதே என்று மூன்று முறை வடிகட்டினேன். ஏழு மணிக்கு விட்டேன். அக்கா காலை உதறவில்லை.

"இன்னிக்கு எரியவே இல்லடா" என்றாள்.

"கண்ணு பழகிடுச்சுக்கா."

"உன் கை பழகிடுச்சுன்னு சொல்லு" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

ஒரு வாரம் என்றுதான் கணக்கு. ஒரு வாரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. மருந்தோடு வரும் காகிதத்தை நான் முழுக்கப் படித்தவன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவள் ஐந்தாவது அலையை முடித்திருந்தாள். அப்பழுக்கில்லாத அலை. ஆகவே இரண்டாவது வாரம்.

வேலை சுறுசுறுப்பாகவே நடந்தது. காலையில் மருந்து, பிறகு சூடாக ஏதாவது குடித்துவிட்டுக் கீழே இறங்குவோம். நான் ரேடியோவைப் போடுவேன். அவள் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே குனிந்து பாட்டுக்கு ஏற்றபடி மூச்சை அடக்கி விடுவாள். நல்ல நாட்கள் அவை. மருந்து எரிச்சல் இல்லாததால் காலையிலேயே வேலை செய்ய முடிகிறது என்று அவளே சொன்னாள். அந்த வகையில் ஒரு நன்மையும் இருந்தது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மாதம் பரிசோதனை. மருத்துவர் அழுத்தத்தை அளந்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "மருந்து ஒழுங்கா விடறீங்களா?"

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "என் தம்பி ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லைங்க. உடம்பு சரியில்லாதப்பகூட எழுந்து வந்து விடுவான்" என்றாள். அதுவும் உண்மைதான். நான் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

மருத்துவர் இரண்டாவதாக இன்னொரு மருந்து எழுதினார். நீல மூடி போட்ட குப்பி. வீட்டுக்கு வந்து அதையும் கழுவினேன். இது போதவில்லையென்றால் அறுவை சிகிச்சை செய்யலாம் என்றும் சொல்லியிருந்தார். "பேனா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று அக்காதான் சொன்னாள். அவளாகவே சொன்னது. நான் வாயே திறக்கவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. தண்ணீர்க் குவளை இருக்கும் இடத்துக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கையை நீட்டுவாள். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். இடித்ததும் கதவிடம் மன்னிப்புக் கேட்பாள், அது ஒரு வேடிக்கை. முப்பத்தோராவது அலையில் தூரிகை முன்பு போட்ட கோட்டின் மேலேயே போனது. அவள் நிமிர்ந்து, கண்ணாடியைத் துடைத்தாள். விளக்கைத் துடைத்தாள். பிறகு தூரிகையைக் கழுவி, மயிர் மடங்காமல் சரிசெய்து, குழாயில் போட்டு மூடினாள்.

"மீதியை நீ போடுடா. பதினேழுதான் பாக்கி. என் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தானே வளர்ந்தே" என்றாள்.

அழவில்லை. அன்று முழுக்க மாடியில் படுத்திருந்தாள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

பேனாவை லேத்தில் பூட்டினேன். உளியை வைத்ததும் கறுப்புச் சுருள் பிரிந்து வந்தது. எபோனைட் கடையும்போது ரப்பர் கருகுவது மாதிரி ஒரு நெடி வரும். அலை முழுக்கப் போக நாலு நிமிடம் ஆனது. முப்பது நல்ல அலை, ஒரு கோணல் அலை. உண்மையைச் சொன்னால், சுற்றும்போதுதான் அதன் அழகு எனக்கே தெரிந்தது; அவள் சொன்னபடி நகர்ந்தது. ஆனால் ஆரம்பித்த வேலையைப் பாதியில் நிறுத்தினால் உளி கவ்விவிடும். தொழில் தெரிந்தவன் நிறுத்த மாட்டான்.

அதற்குப் பிறகு என் பேனாவைச் செய்தேன். சிவப்புச் செல்லுலாய்டைத் துணியிலிருந்து பிரித்த அன்று எனக்கு என்னமோ பள்ளிக்கூட விடுமுறை விட்ட மாதிரி இருந்தது. எட்டு வளையம், கப்பல், திசைகாட்டி, நங்கூரம், எதையும் விடவில்லை. அக்கா தினமும் கேட்பாள், "எந்த அலைடா போகுது?" நான் சொல்வேன். முப்பத்து நாலு. முப்பத்தொன்பது. எந்த இடத்தில் மூடியும் தண்டும் சேருகிறது, அந்த இடத்தில் அலை எப்படி வளைகிறது, எல்லாம் சொல்வேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்தப் பேனா கண்ணில் தெரிய ஆரம்பித்தது. நாற்பத்தெட்டை முடித்துவிட்டேன் என்று சொன்ன அன்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஏழாவது மாதம் பேனாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மனம் மாறிவிட்டாள், இதுதான் அவள் கடைசியாகச் சொன்ன வடிவம் என்றேன். கப்பல்காரம்மா பெட்டியைத் திறந்து, திசைகாட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நிறைய... நிறைய வேலை இருக்கு" என்றார். பிறகு பேனாவைத் தலைகீழாகத் திருப்பினார். இலையைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அதையும் போட்டிருந்தேன். போடாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு பேனா நானாக யோசித்து, நானாகப் பொருள் எடுத்து, நானாகச் செய்தேன், அதுவும் அக்கா பேனாதான். இதைச் சொல்லி நீங்கள் சிரித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

ஐந்து மாதம் கழித்து விழா நடந்தது; நாங்கள் போகவில்லை. மறுநாள் மத்தியானம் கப்பல்காரம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அவருக்குக் குடிக்க ஏதாவது கொண்டுவரப் பின்கட்டுக்குப் போய்த் திரும்பினால், பேனா அக்காவின் கையில் இருக்கிறது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஏன் மனசை மாத்திக்கிட்டீங்கன்னு கேக்கணும்னு அஞ்சு மாசமா நெனச்சிட்டிருந்தேன்" என்று கப்பல்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா பேனாவை உள்ளங்கையில் உருட்டினாள். வளையத்தில் விரல் பட்டதும் நின்றது. கிளிப்பைத் தடவினாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருக்கும். எத்தனை வருடமானாலும் அந்த வாசனை போகாது. எபோனைட்டுக்கு அந்த வாசனை கிடையாது.

"என்ன நிறம்?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை.

"சிவப்பும்மா," என்றார் கப்பல்காரம்மா.

அக்கா மூடியைத் திருகித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "நல்லாக் கடைஞ்சிருக்கான். திருகு பாருங்க, வெண்ணெய் மாதிரி போகுது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் குரலில் ஒன்றுமில்லை. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கப்பல்காரம்மா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை வழக்கம்போல மருந்து விட்டேன். சொட்டு விழுந்ததும், "எவ்வளவு நாளாடா எரியலை?" என்றாள். எனக்கு ஞாபகமில்லை என்றேன். "எனக்கு ஞாபகமிருக்கு" என்றாள். மறுநாள் காலையில் இரண்டு குப்பியையும் தன் கையில் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். மறுத்திருக்கலாம், ஆனால் அவள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. கப்பல்காரம்மாவின் கார் வந்தது. படியில் இறங்கும்போது என் கையை அவள் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மருத்துவர் தன்னிடமிருந்த புதுக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டதும் எரிந்ததாம். அவள் அங்கேயே உட்கார்ந்து அழுததாக நீங்கள் படித்துக் காட்டினீர்கள். என் முன்னால் அவள் அழுததே இல்லை என்பதால் எனக்கு அது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீங்கள் இரண்டு தேதிகளை வட்டமிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினீர்கள். ஒன்று, பேனாவை ஒப்படைத்த நாள். இன்னொன்று, அக்கா மருத்துவரிடம் போன நாள். நடுவில் ஐந்து மாதம். "பேனாதான் முடிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டீர்கள்.

நியாயமான கேள்வி. பேனாவைக் கொடுத்த அன்று அவளுக்கு இன்னும் ஒரு நாணயம் அளவுக்குப் பார்வை இருந்தது. அன்றே உண்மையான மருந்தை விட்டிருந்தால் அந்த நாணயமாவது மிஞ்சியிருக்கும் என்று மருத்துவர் சொன்னது எனக்குப் புதிதல்ல. மருந்துக் காகிதத்திலேயே போட்டிருக்கிறது. இப்போது வெளிச்சம், இருட்டு இரண்டும்தான் தெரியும். இனி எந்த மருந்தும் அதை மாற்றாது.

விழா முடியட்டும், அப்புறம் மருத்துவரிடம் போகலாம் என்று நான்தான் சொல்லிவைத்திருந்தேன். அந்த மாதங்களில் அவள் படி இறங்க என் முழங்கையைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்பாள். இந்தச் சேலை என்ன நிறம், வானம் எப்படி இருக்கிறது, ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பறவை என்ன பறவை. முப்பது வருடத்தில் எது என்ன நிறமாக இருக்க வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. இப்போது நான் சொல்வதுதான் நிறம். ஒரு நாள் மேகம் மூடிக் கருத்துக் கிடந்தது. "நீலமா இருக்குக்கா, பளிச்சுனு" என்றேன். அவள் முகத்தை நிமிர்த்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் மறுநாளும் தண்ணீர் கொதிக்கவைத்தேன்.

ஐந்து மாதம், காலையும் மாலையும், இரண்டு குப்பி. ஒரு தடவைகூட என் கை நடுங்கவில்லை. எல்லாம் நானே செய்தது. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். காரணம் என்று கேட்டிருக்கிற இடத்தில் மட்டும் பேனா என்றே எழுதிக்கொள்ளுங்கள். யாரையாவது விட்டு அக்கா இதைப் படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவள் மனம் கஷ்டப்படும்படி நான் எதுவும் செய்ததில்லை.